ஜெர்மனிக் காம்பஸ் நம்மூரில் தெற்கே குனிகிறதே, ஏன்?

தருவைக்காரன் கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். திருநெல்வேலித் தருவைப் பக்கம் 40-க்கு 60 அடி மனை. அஸ்திவாரத்துக்கு வானம் தோண்ட முளை அடிக்கும் முன்னால் வடக்கு எது என்று சரியாகத் தெரியணும். கையில் இருக்கிற மூன்று சாமானும் மூன்று விதமாகச் சொல்லுது.

ஒன்று, ஜெர்மனியில் வாங்கிய காம்பஸ். உள்ளே திரவம் நிரப்பியது, நல்ல தரம். ரசமட்டம் பார்த்த பலகையில் வைத்தாலும் முள்ளின் வெள்ளை முனை, அதாவது தெற்கு முனை, கீழே குனிந்து அடித்தட்டில் உரசுது. விரலால் தட்டினால் இடம் மாறி நிற்குது. இரண்டாவது, திருவிழாக் கடையில் கிடைக்கும் சின்ன காம்பஸ். அதன் முள் சமமாக நிற்குது, ஆடி அடங்கத்தான் நேரம் ஆகுது. மூன்றாவது போன். வீட்டுக்குள் பார்த்தால் ஒன்று, வாசலுக்கு வந்தால் ஒன்று, 15 டிகிரி வரை வித்தியாசம்.

நல்ல காம்பஸ் ஏன் குனியுது? முள்ளுக்கு வடக்கு எப்படித்தான் தெரியுது? மூன்றில் எதை நம்பி முளை அடிக்கலாம்? விவரம் தெரிந்தவர்கள் விளக்கமாகச் சொல்லுங்கள்.


பொதிகைச்சாரல்:

அண்ணாச்சி, உங்கள் ஜெர்மனிக் காம்பஸில் பழுது இல்லை. ஜெர்மனிக்கென்று எடை பார்த்துச் செய்த முள் அது. திருநெல்வேலியில் அந்த எடை வேண்டாத எடை.

முதலில் முள்ளின் வேலையைப் பார்த்துவிடுவோம். முள் வடக்கைத் தேடிப் போவதே இல்லை. நாம் நிற்கிற இடத்தில் பூமியின் காந்தப்புலம் எந்த வாக்கில் ஓடுகிறதோ, அந்த வாக்குக்குத் திரும்பிப் படுத்துக்கொள்கிறது. முள்ளின் ஒரு முனையைப் புலம் வடக்கே இழுக்கும், மறு முனையை அதே பலத்தோடு தெற்கே இழுக்கும். இரண்டு இழுப்பும் சமம் என்பதால் முள் திரும்புமே தவிர நகராது. காந்தமேற்றிய ஊசியைத் தண்ணீரில் மிதக்க விட்டால் இதைக் கண்ணால் பார்க்கலாம். வடக்கு தெற்காகத் திரும்பி நிற்கும், ஆனால் வடக்குக் கரையை நோக்கி மிதந்து போகாது.

பூமிக்குள் பெரிய சட்டக் காந்தம் ஒன்று புதைந்திருப்பது போலப் பாடப்புத்தகத்தில் படம் போட்டிருப்பார்கள். அது புரிய வைக்கப் போட்ட படம். இரும்பு 770 டிகிரி செல்சியஸுக்கு மேல் போனால் நிலைக்காந்தமாக இருக்க முடியாது, பூமியின் உள்ளே வெப்பம் அதைவிடப் பல மடங்கு. நடப்பது வேறு. சுமார் 2,900 கிலோமீட்டர் ஆழத்துக்குக் கீழே உருகிய இரும்பு ஓடிக்கொண்டே இருக்கிறது, அந்த ஓட்டத்தில் மின்னோட்டம் பிறக்கிறது, மின்னோட்டத்தால் காந்தப்புலம். ஓட்டம் மாறுவதால்தான் புலமும் வருஷத்துக்கு வருஷம் கொஞ்சம் மாறுகிறது. வட காந்த முனையை 1831-ல் ஜேம்ஸ் கிளார்க் ராஸ் கனடாவின் வடகோடியில் கண்டார். இன்று அது அங்கே இல்லை, சைபீரியாப் பக்கமாக நகர்ந்துகொண்டிருக்கிறது.

இனி உங்கள் குனிவு. புலக்கோடு எல்லா ஊரிலும் தரைக்குச் சமமாக ஓடாது. ஜெர்மனியில் அது தரைக்குள் 65 டிகிரியை ஒட்டிச் சாய்ந்து இறங்குகிறது. அங்கே எடை போடாத முள்ளை வைத்தால் சிவப்பு முனை கீழே பாயும். அதைத் தடுக்கத் தெற்கு முனையில் கொஞ்சம் எடை சேர்க்கிறார்கள். நம் பக்கம் கதையே வேறு. காந்த நடுக்கோடு, அதாவது புலம் தரைக்குச் சமமாக ஓடும் இடங்களைச் சேர்த்த கோடு, இந்தியாவின் தென்கோடியை ஒட்டிப் போகிறது. திருநெல்வேலியில் புலத்தின் சாய்வு சில டிகிரிதான், கிட்டத்தட்ட படுக்கையாகவே ஓடுகிறது. சிவப்பு முனையைக் கீழே இழுக்க ஆள் இல்லை, ஆகவே தெற்கே போட்ட எடை ஜெயித்து அந்த முனை குனிகிறது. சிட்னியில் விற்கும் காம்பஸைக் கொண்டு வந்தால் நேர் எதிராகச் சிவப்பு முனை குனியும், அங்கே எடையை வடக்கு முனையில் போடுவார்கள்.

பெரிய கம்பெனிகள் உலகத்தை ஐந்து வட்டாரமாகப் பிரித்து முள்ளை எடை போடுகின்றன. வாங்கும்போது இந்தியாவுக்கான வட்டாரம் என்று கேட்டு வாங்க வேண்டும். இல்லையென்றால் எந்த நாட்டிலும் ஓடும் வகை இருக்கிறது. அதில் காந்தமும் முள்ளும் தனித்தனியாக அச்சில் நிற்கும், காந்தம் சாய்ந்தாலும் முள் சாயாது.

நம்மூருக்கு ஒரு சிறப்பு உண்டு, அதைச் சொல்லாமல் விட மனமில்லை. முள்ளைத் திருப்புவது புலத்தின் படுக்கைப் பங்கு மட்டும். லண்டனில் அது 20 மைக்ரோடெஸ்லாவை (காந்தப்புலத்தின் பலத்தை அளக்கும் அலகு) எட்டுவதே பாடு. இங்கே 40-ஐ ஒட்டி இருக்கிறது, இரண்டு பங்கு. ஒரே காம்பஸ் அங்கே சோம்பலாகத் திரும்பும், இங்கே விறுவிறு என்று திரும்பும். காம்பஸ் வேலை செய்ய இதைவிட வாகான மண் உலகத்தில் குறைவு.

காந்த ஆய்வுக்காரர்கள் நம் பக்கத்தைத் தேடி வருவதற்கு வேறொரு காரணம் இருக்கிறது. காந்த நடுக்கோட்டுக்கு மேலே 100 கிலோமீட்டரைத் தாண்டிய உயரத்தில், பகல் நேரத்தில் கிழக்கு மேற்காக ஒரு மின்னோட்டப் பட்டை ஓடுகிறது. 1963 நவம்பர் 21-ல் திருவனந்தபுரத்தை அடுத்த தும்பாவிலிருந்து முதல் ராக்கெட் போனதும் அந்த இடம் காந்த நடுக்கோட்டில் இருந்ததால்தான். சிற்பக் கோயில் இருக்கும் நம் கிருஷ்ணாபுரத்தில் இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனத்தின் ஆய்வுக்கூடம் இருக்கிறது. அதற்கெல்லாம் முன்பே, 1855-ல், திருவனந்தபுரம் வானாய்வகத்தின் தலைவர் ஜான் ஆலன் ப்ரௌன் அகத்தியமலை உச்சியில், 6,000 அடிக்கு மேலே, காந்த அளவைக்கென்று ஒரு கூடம் போட்டார். உயரம் மாறினால் முள்ளின் அசைவு மாறுகிறதா என்று பார்க்கத்தான் அவ்வளவு பாடும். அந்தப் பகல் மின்னோட்டம் உங்கள் கைக் காம்பஸைக் கெடுக்குமோ என்று கவலைப்பட வேண்டாம். உச்சிப்பொழுதில் அது கூட்டுவது 0.1 மைக்ரோடெஸ்லா அளவு, 40-ல் அது எம்மாத்திரம்? பெரும்பாலும் வடக்கு தெற்கு வாக்கிலேயே கூட்டுவதால் முள் திரும்புவதும் இல்லை.

குனியும் காம்பஸைப் பயன்படுத்த வழி: தெற்கு முனை குனிகிற அளவுக்குக் காம்பஸின் தெற்குப் பக்கத்தையும் கொஞ்சம் தாழ்த்திப் பிடியுங்கள். தட்டும் முள்ளும் ஒரே சாய்வுக்கு வந்ததும் உரசல் நின்று முள் சுதந்திரமாக ஆடும். வடக்கு தெற்கு வாக்கில் இப்படிச் சாய்ப்பதால் திசையில் பிழை வராது.

கடைசியாக ஒன்று. முள் காட்டுவது காந்த வடக்கு. திருநெல்வேலியில் அது உண்மையான வடக்குக்கு ஏறத்தாழ 2 டிகிரி மேற்கே விலகி நிற்கிறது. முள்ளைப் பூஜ்யத்தில் நிறுத்தினால் உண்மை வடக்கு அதற்கு வலப்பக்கம், 2 டிகிரி தள்ளி. 60 அடி நீளத்தில் இந்த விலகல் 2 அடி 1 அங்குலம் வரும்.


மூலைமட்டம்:

மேலே சொன்னது அத்தனையும் சரி. ஆனால் மனையில் முளை அடிக்கும்போது ஆளைக் கவிழ்ப்பது அந்த 2 டிகிரி அல்ல, பக்கத்தில் கிடக்கும் இரும்பு. போன் வீட்டுக்குள் 15 டிகிரி மாறுவதற்குக் காரணமும் அதுதான். தலைக்கு மேலே கான்கிரீட் தளத்தில் கம்பிக்கூடு, தூணுக்குள் கம்பி, பக்கத்தில் பீரோ, கட்டிலடியில் இரும்புச் சட்டம். வீட்டுக்குள் எந்தக் காம்பஸையும் நம்பாதீர்கள். மொட்டை மாடியும் அப்படித்தான், கால் வைத்திருப்பதே கம்பிக்கூட்டின் மேல்.

மனையில் அதிகம் நடக்கும் தப்பு, கடப்பாரையையோ துண்டுக் கம்பியையோ முளையாக நட்டு, அதன் பக்கத்திலேயே காம்பஸை வைத்துப் பார்ப்பது. மர முளை மட்டும் அடியுங்கள். ஆணி வேண்டுமென்றால் அளவெல்லாம் முடிந்த பிறகு. கடப்பாரை, மண்வெட்டி, சாந்துச் சட்டி எல்லாம் மூன்று மீட்டருக்கு அப்பால் இருக்கட்டும். பைக் ஐந்து மீட்டர், கார் பத்து மீட்டர், இறக்கி வைத்த கம்பிக்கட்டும் கலவை மிஷினும் இருபது மீட்டர். கை மேல் இருப்பதையும் கழற்ற வேண்டும்: பெல்ட் கொக்கி, சாவிக்கொத்து, காந்த மூடி போட்ட போன் உறை, காதில் மாட்டும் ஸ்பீக்கர். சட்டைப்பையில் போனை வைத்துக்கொண்டு நெஞ்சுக்கு நேரே காம்பஸைப் பிடித்தால் போனின் ஸ்பீக்கர் காந்தம் ஒன்றே போதும், முள் திரும்பிவிடும்.

இடம் சுத்தமா என்று பார்க்கப் போனே உதவும். காந்தப்புலத்தை மைக்ரோடெஸ்லாவில் காட்டும் செயலிகள் இலவசமாகவே கிடைக்கும். உறையைக் கழற்றி, எட்டு போடுவது போலப் போனைக் காற்றில் ஏழெட்டுத் தடவை சுழற்றிவிட்டு அளவைப் பாருங்கள். திருநெல்வேலி வட்டாரத்தில் 40-ஐ ஒட்டி நிற்க வேண்டும். 38, 42 என்று லேசாக ஆடினால் பரவாயில்லை. 55, 60 என்றோ 25 என்றோ காட்டினால் பக்கத்தில் இரும்போ காந்தமோ இருக்கிறது. போனைக் கையில் பிடித்து மனை முழுக்க நடங்கள். எந்த இடத்தில் எண் துள்ளுகிறதோ அங்கே மண்ணுக்கடியில் பழைய குழாயோ கம்பியோ கிடக்கலாம்.

அதற்கு மேலே ஒரு சோதனை, சர்வேக்காரர்கள் காலங்காலமாகச் செய்வது. மனையின் நீளவாக்கில் 60 அடிக்கு நைலான் நூல் கட்டுங்கள். ஒரு முனையில் நின்று மறு முனையைக் காம்பஸில் குறி பாருங்கள், 92 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். மறு முனைக்குப் போய்த் திரும்பி முதல் முனையைப் பாருங்கள். 272 வர வேண்டும். இரண்டுக்கும் நடுவே சரியாக 180 இருந்தால் இரண்டு முனையும் சுத்தம் என்று எடுத்துக்கொள்ளலாம். 276 வந்தால் ஏதோ ஒரு முனையில் இரும்பு இருக்கிறது. எந்த முனை என்று கண்டுபிடிக்க நூலோடு நடந்து பத்து அடிக்கு ஒரு தடவை நின்று அதே திசையைப் பாருங்கள். நாலைந்து இடத்தில் ஒரே எண் வரும், கெட்ட இடம் மட்டும் தனியாகத் தெரியும்.

காம்பஸ் நல்லதா என்பதற்குத் தனிச் சோதனை. சமமான மரப்பலகையில் வைத்து முள் அடங்கியதும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு சாவியைப் பக்கத்தில் கொண்டுவந்து முள்ளை 30 டிகிரி இழுத்து, சட்டென்று சாவியைத் தள்ளி எடுத்துவிடுங்கள். முள் பழைய எண்ணுக்கே வர வேண்டும். மறுபக்கமிருந்தும் அதே மாதிரி செய்யுங்கள். இரண்டு பக்கமும் ஒரு டிகிரிக்குள் வந்தால் நல்ல காம்பஸ். மூன்று நான்கு டிகிரி வித்தியாசப்பட்டால் நடு ஊசியின் முனை மழுங்கிவிட்டது, அல்லது உங்கள் ஜெர்மனிக் காம்பஸ் போல எங்கேயோ உரசுகிறது. திருவிழாக் காம்பஸ் ஆடி அடங்க நேரம் எடுப்பது பழுதில்லை. உள்ளே திரவம் இல்லாததால் ஆட்டத்தைத் தணிக்க ஒன்றும் இல்லை, அவ்வளவுதான். அதில் எண் கோடு நெருக்கமாக இருக்காது என்பதுதான் குறை.

முளை அடிக்கும்போது காம்பஸால் ஒரே ஒரு கோடு மட்டும் போடுங்கள். நான்கு பக்கத்தையும் காம்பஸால் பார்த்தால் நான்கு பிழை சேர்ந்துவிடும். முதல் கோட்டை ஐந்து தடவை பார்த்து நடு அளவை எடுத்து நூல் கட்டுங்கள். மற்ற மூலையெல்லாம் 3-4-5 கணக்கில்: ஒரு நூலில் 6 அடி, மறு நூலில் 8 அடி, குறுக்கே 10 அடி வந்தால் மூலை சரி. 12, 16, 20 என்று பெரிதாக எடுத்தால் இன்னும் நல்லது. கடைசியில் இரண்டு மூலைவிட்டமும் சமமா என்று டேப் பிடித்துப் பார்த்துவிட வேண்டும்.

இன்னொன்று. மனை எல்லையைக் காம்பஸ் வைத்துத் தீர்க்காதீர்கள். சர்வே ஆபீஸ் தரும் புலப்படத்தில் போட்டிருக்கும் வடக்கு அம்பு படத்தை எந்தப் பக்கமாகப் பிடிப்பது என்று காட்டத்தான். எல்லை என்றால் சர்வே கல்லிலிருந்து சர்வே கல்லுக்கு நீள அளவுதான் பேசும்.


காத்தாடிக்காடு:

இடையில் ஒரு கேள்வி. ராதாபுரம், பணகுடிப் பக்கம் மனை வாங்குகிறவர்களுக்குக் காத்தாடி (காற்றாலை) டவரும் கூடங்குளத்திலிருந்து போகும் உயர் அழுத்தக் கம்பியும் பக்கத்திலேயே இருக்குமே. அதனால் முள் கெடுமா?


பொதிகைச்சாரல்:

கம்பியில் ஓடும் மின்சாரம் முள்ளைத் திருப்பாது. அது நொடிக்கு 100 தடவை திசை மாறும் மின்சாரம், இப்படியும் அப்படியும் இழுப்பு சமமாகிவிடும், முள் அவ்வளவு வேகமாக ஆடவும் முடியாது. திருப்புவது அந்த இரும்பு டவர்தான். மின் டவரோ காத்தாடித் தூணோ, 50 மீட்டர் தள்ளி நின்றால் போதும். சந்தேகம் இருந்தால் மேலே சொன்ன 180 டிகிரிச் சோதனை காட்டிக்கொடுத்துவிடும்.

தேரிப் பக்கத்துக்காரர்கள் கேட்கும் முன் அதையும் சொல்லிவிடுகிறேன். தேரிச் செம்மண்ணில் காந்தத்தைப் புரட்டி எடுத்தால் கரும்பொடி அப்பிக்கொண்டு வரும். அதனால் தேரியில் காம்பஸ் பிசகும் என்றில்லை, பொடி ஒவ்வொன்றும் ஒவ்வொரு பக்கம் பார்த்துக் கிடப்பதால் மொத்தமாக இழுக்காது. பிசகுவது மலைமேல் துருத்திக்கொண்டிருக்கும் பாறையில். இடி விழுந்த பாறைக்குக் காந்தம் ஏறிவிடும். அதன் மேல் காம்பஸை வைத்தால் பத்து இருபது டிகிரிகூடத் திரும்பும், ஓரடி நகர்த்தினால் வேறு பக்கம் திரும்பும். பாறையில் வைக்காமல் கையில் பிடித்து, நாலு எட்டு தள்ளி நின்று பார்க்க வேண்டும்.


வயக்காட்டான்:

இவ்வளவு எதுக்கு அண்ணாச்சி. உச்சிப்பொழுதில் ஒரு குச்சியை நட்டால் நிழல் நேர் வடக்கே விழும். 12 மணிக்கு அதைப் பிடித்து நூல் கட்டிவிட்டால் முடிந்தது.


நிழற்கோல்:

குச்சி நடுவது நல்ல வழி, காம்பஸைவிடத் துல்லியமான வழியும்கூட. ஆனால் நீங்கள் சொன்னபடி செய்தால் நம்மூரில் இரண்டு இடத்தில் தப்பும்.

முதலாவது, உச்சிப்பொழுது 12 மணி இல்லை. நம் கடிகாரம் 82.5 டிகிரித் தீர்க்கரேகைக்கு வைத்தது, திருநெல்வேலி 77.7-ல் இருக்கிறது. டிகிரிக்கு 4 நிமிஷம் வீதம் சராசரியாக 12.19-க்குத்தான் சூரியன் உச்சிக்கு வரும். அதுவும் வருஷம் முழுக்க ஒரே மாதிரி இல்லை. நவம்பர் தொடக்கத்தில் 12.03-ஐ ஒட்டி, பிப்ரவரி நடுவில் 12.33-ஐ ஒட்டி. உச்சிவேளையில் நிழல் படு வேகமாகத் திரும்பும், 20 நிமிஷம் தப்பினால் பல டிகிரி போய்விடும்.

இரண்டாவது இன்னும் பெரிது. நாம் இருப்பது 8.7 டிகிரி வட அட்சரேகை. சித்திரை பிறக்கும் நேரத்தில், ஏப்ரல் 12-ஐ ஒட்டி, சூரியன் நேர் உச்சந்தலைக்கு வந்துவிடும், அன்று உச்சியில் குச்சிக்கு நிழலே இருக்காது. அதற்குப் பிறகு ஆகஸ்ட் கடைசி வரை உச்சிச் சூரியன் நமக்கு வடக்கே. நிழல் தெற்கே விழும்! நாலரை மாதம் இப்படி. வைகாசியில் உச்சி நிழலை வடக்கு என்று நம்பி முளை அடித்தால் வீடு தலைகீழாகப் போகும்.

சரியான வழி, பழைய ஸ்தபதிகள் சங்கு (நிழல் பார்க்கும் குச்சி) நட்டுச் செய்த அதே வழி. வானம் தெளிவாக இருக்கும் நாளில் சிமெண்டுத் தரையிலோ பெரிய பலகையிலோ ரசமட்டம் பார்த்துச் சமமாக்கிக்கொள்ளுங்கள். மூன்று அடி மரக்குச்சியை நட்டு, தூக்குக்குண்டு வைத்து இரண்டு பக்கமும் நேர் பாருங்கள். குச்சியின் அடியை மையமாக வைத்து நூலால் மூன்று அடி ஆரத்தில் வட்டம் போடுங்கள். காலையில் நிழல் வட்டத்துக்கு வெளியே நீண்டிருக்கும், வெயில் ஏற ஏறச் சுருங்கி ஒரு நேரத்தில் அதன் நுனி வட்டத்தைத் தொடும். அங்கே ஒரு புள்ளி. மாலையில் நீண்டு மறுபடி வட்டத்தைத் தொடும் இடத்தில் ஒரு புள்ளி. பங்குனித் தொடக்கத்தில் இது காலை 9.30-ஐ ஒட்டியும் மாலை 3.25-ஐ ஒட்டியும் நடக்கும், மார்கழியில் காலை பத்து மணிக்கு மேலே போகும். இரண்டு புள்ளியையும் சேர்த்தால் அது கிழக்கு மேற்கு. காலைப் புள்ளி மேற்கே, மாலைப் புள்ளி கிழக்கே. இரண்டுக்கும் நடுவில் செங்குத்தாகப் போட்டால் உண்மையான வடக்கு தெற்கு. 2 டிகிரிக் கழித்தல் எல்லாம் இதற்குத் தேவையில்லை, கடிகாரமும் தேவையில்லை.

தொந்தரவு ஒன்று உண்டு: நிழல் நுனி மங்கலாக இருக்கும், எங்கே முடிகிறது என்று சொல்வது கஷ்டம். அதற்குக் குச்சியின் தலையில் ஒரு அலுமினியத் தகட்டைப் படுக்கையாக ஒட்டி, அதில் மூன்று நான்கு மில்லிமீட்டர் துளை போடுங்கள். நிழலுக்கு நடுவே வட்டமான ஒளிப்பொட்டு விழும், அதன் நடுவைக் குறிப்பது சுலபம். துளை குச்சியை விட்டுத் தள்ளி இருக்குமானால், வட்டத்தின் மையத்தையும் துளைக்கு நேர் கீழே, தூக்குக்குண்டு காட்டும் இடத்தில் வைக்க வேண்டும். இதை மறந்தால் எல்லாம் வீண்.

காலைக்கும் மாலைக்கும் நடுவே சூரியன் தானும் வடக்கோ தெற்கோ கொஞ்சம் நகர்ந்திருக்குமே என்று கேட்கலாம். பங்குனி, புரட்டாசியில்தான் அது அதிகம், அப்போதும் பிழை டிகிரியில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டாது. மாலையில் மேகம் மூடினால்தான் பாடு. அதனால் ஒரே வட்டத்தோடு நிறுத்தாமல் இரண்டரை அடி, இரண்டு அடி என்று மூன்று வட்டம் போட்டு வையுங்கள், ஏதாவது ஒன்றுக்காவது ஜோடிப் புள்ளி கிடைக்கும்.

ராத்திரியில் துருவ நட்சத்திரத்தைப் பார்க்கலாம் என்பார்கள். நம்மூரில் அது அடிவானத்திலிருந்து 9 டிகிரியை ஒட்டித்தான் நிற்கும். கையை நீட்டி முஷ்டியைப் பிடித்தால் அந்த முஷ்டி உயரத்துக்குள் இருக்கும். பனைமரமும் மூட்டமும் மறைத்துவிடும், வடக்கே வெட்டவெளியாக இருந்தால் மட்டும் முயற்சி செய்யலாம்.


உவரிக் கச்சான்:

கரையில் இருப்பவர்களுக்கு எல்லாம் சொல்லிவிட்டார்கள். படகுக் காம்பஸைப் பற்றியும் இங்கே இருக்கட்டும், ஜிபிஎஸ் பெட்டி நின்றுபோன நேரத்தில் கரைக்குக் கூட்டி வருவது அதுதான்.

கரையில் இரும்பு ஓரிடத்தில் கிடக்கும், நாம் தள்ளி நிற்கலாம். படகில் இரும்பு நம்மோடு சேர்ந்து திரும்பும். அதனால் பிழையும் படகு பார்க்கும் திசைக்கு ஏற்ப மாறும்: வடக்கே ஓடும்போது 4 டிகிரி கூட, கிழக்கே ஓடும்போது ஒன்றுமில்லை, தெற்கே 4 டிகிரி குறைவு என்கிற மாதிரி. ஒரு தடவை பார்த்து இவ்வளவு பிழை என்று ஒரே எண்ணை மனதில் வைத்துக்கொண்டால் திரும்பி வரும்போது எதிர்ப்பக்கம் கொண்டு போய்விடும்.

ஃபைபர் படகில் என்ஜினிலிருந்து எவ்வளவு தள்ளி வைக்க முடியுமோ அவ்வளவு தள்ளி வையுங்கள். நங்கூரம், அதன் சங்கிலி, பாட்டுப் பெட்டி, வயர்லெஸ் ஸ்பீக்கர் எல்லாம் ஒரு மீட்டருக்குள் வரவே கூடாது. காம்பஸை இறுக்கும் திருகு பித்தளையாக இருக்க வேண்டும். பக்கத்தில் பேட்டரி ஒயர் போனால் கூட்டல் ஒயரையும் கழித்தல் ஒயரையும் ஒன்றோடொன்று முறுக்கி விடுங்கள். பேட்டரியிலிருந்து வருவது ஒரே திசையில் ஓடும் மின்சாரம், அது முள்ளைத் திருப்பும். முறுக்கிவிட்டால் போகிற ஓட்டமும் வருகிற ஓட்டமும் ஒன்றை ஒன்று அழித்துக்கொள்ளும்.

பிழை பார்க்க அலை அடங்கிய நாளில், என்ஜினை மெதுவாக ஓடவிட்டு, எட்டுத் திசைக்கும் படகைத் திருப்புங்கள். ஒவ்வொரு திசையிலும் ஒரு நிமிஷம் நேராக ஓடிக் காம்பஸ் எண்ணையும் ஜிபிஎஸ் காட்டும் ஓட்டத் திசையையும் எழுதுங்கள். நீரோட்டம் படகைப் பக்கவாட்டில் தள்ளினால் ஜிபிஎஸ் எண்ணும் தப்பும், நீரோட்டம் குறைந்த நேரம் பாருங்கள். ஜிபிஎஸ் உண்மை வடக்குக்கு வைத்திருந்தால் அந்த 2 டிகிரியையும் கணக்கில் எடுக்க வேண்டும். எட்டு வரியும் ஒரு அட்டையில் எழுதிப் பிளாஸ்டிக் உறை போட்டுக் காம்பஸ் பக்கத்தில் ஒட்டுங்கள். பிழை 5 டிகிரிக்கு மேல் இருந்தால் திருத்தும் திருகு இருக்கும் காம்பஸில், வடக்கே ஓடும்போது ஒரு திருகிலும் கிழக்கே ஓடும்போது மற்றதிலும் முழுப் பிழையையும் எடுத்துவிட்டு, தெற்கேயும் மேற்கேயும் ஓடும்போது மிச்சமிருக்கும் பிழையில் பாதியை மட்டும் எடுக்க வேண்டும். இரும்புத் திருப்புளி கூடாது. என்ஜினை மாற்றினால் அட்டையையும் மாற்றுங்கள்.

இன்னொரு கணக்கு. ஒரு டிகிரி தப்பினால் ஒரு கிலோமீட்டருக்கு 17 மீட்டர் விலகும். 20 கிலோமீட்டர் ஓடி வரும்போது 5 டிகிரி தப்பு ஒன்றேமுக்கால் கிலோமீட்டர் ஆகிவிடும், இருட்டில் அது அடுத்த ஊர்க் கரை.


தருவைக்காரன்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. மனையில் போன் 40, 41 காட்டுது, வடகிழக்கு மூலையில் மட்டும் 52. அங்கே பழைய கைப்பம்பு இருந்த இடம். வீட்டுக்குள் 58. நிழல் முறையிலேயே செய்கிறேன். இரண்டு சந்தேகம் மட்டும். ஜெர்மனிக் காம்பஸைத் திறந்து அந்த எடையைச் சுரண்டி எடுக்கலாமா? இன்னொன்று, திருவிழாக் காம்பஸ் நேற்று வரை சரியாக இருந்தது, இன்று சிவப்பு முனை தெற்கைக் காட்டுது.


மூலைமட்டம்:

திறக்காதீர்கள். திரவம் நிரப்பி ஒட்டிய கிண்ணம் அது, திறந்தால் மறுபடி குமிழி இல்லாமல் மூட முடியாது. சாய்த்துப் பிடித்தே பயன்படுத்துங்கள்.

52 காட்டும் மூலையில் பம்புக் குழாய் இன்னும் மண்ணுக்குள் இருக்கிறது. முதல் கோட்டை அந்த மூலையிலிருந்து தொடங்காமல் எதிர்ப்பக்கத்திலிருந்து தொடங்குங்கள். நிழல் முறைக்கு இரும்பால் கெடுதல் இல்லை, எங்கே வேண்டுமானாலும் போடலாம்.

திருவிழாக் காம்பஸைப் போனோடு ஒரே பையில் போட்டிருப்பீர்கள். ஸ்பீக்கர் காந்தம் முள்ளின் முனைகளை மாற்றிவிட்டது. சரி செய்வது ஐந்து நிமிஷ வேலை. பழைய ஸ்பீக்கர் காந்தம் வேண்டாம், சின்ன சட்டக் காந்தம் ஒன்று எடுங்கள். அதை நடுவில் நூலால் கட்டித் தொங்கவிட்டால் ஆடி அடங்கியதும் வடக்கே நிற்கும் முனை அதன் வடமுனை, மற்றது தென்முனை. அந்தத் தென்முனையைக் கண்ணாடிக்கு மேலே முள்ளின் நடுவில் வைத்து, சிவப்பு நுனியை நோக்கி மெதுவாக இழுத்து, நுனியைத் தாண்டியதும் உயரத் தூக்கிவிடுங்கள். மறுபடி நடுவிலிருந்து. பத்துத் தடவை, ஒரே திசையில். தேய்க்கும் முனை எந்த நுனியில் விலகுகிறதோ அந்த நுனி அதற்கு எதிர் முனையாகும், ஆகவே சிவப்பு மறுபடி வடமுனையாகிவிடும். முள் காந்தத்தோடு சேர்ந்து சுழன்றால் காம்பஸைக் கொஞ்சம் சாய்த்து முள்ளைக் கண்ணாடியில் ஒட்டவைத்துத் தேயுங்கள். முடிந்ததும் காந்தத்தை இரண்டு மீட்டர் தள்ளி வைத்துவிட்டு, நீங்கள் போடும் நிழல் கோட்டின் மேல் காம்பஸை வையுங்கள். சிவப்பு முனை வடக்குக் கோட்டுக்கு இடப்பக்கமாக 2 டிகிரி அளவில் நின்றால் நிழலும் சரி, காம்பஸும் சரி.